மாடிப்படியில் விழுந்துவிட்டேன் சிஸ்டர்

கேசுவாலிட்டியில் இரவு பதினோரு மணிக்கு மேல் வருகிற பெண்களில் மாடிப்படியில் விழுந்தவர்கள் அதிகம். மாடியே இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. பாத்ரூமில் வழுக்கியவர்கள், கதவில் இடித்துக்கொண்டவர்கள், மாடு முட்டியவர்கள். மாடு முட்டினால் இரண்டு கண்ணுக்கும் கீழே ஒரே மாதிரி கருக்காது என்பது நமக்குத் தெரியும், கூட வந்திருக்கிற மாமியாருக்கும் தெரியும், ஆனாலும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் மாடுதான் ஏறும்.

புதிதாக டூட்டிக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். குடும்ப வன்முறை என்று நர்ஸிங் பாடத்தில் நான்கு வரி படித்திருப்பீர்கள், ஆனால் ட்ராலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் புருஷன் நின்றுகொண்டு அவளுக்குப் பதிலாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும்போது என்ன செய்வது என்று அதில் இருக்காது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருந்தார்கள். இந்திய அளவில் அது 29 சதவீதம் சொச்சம். ஆக, உங்கள் வார்டில் இன்றைக்கு இருக்கிற பத்துப் பெண்களில் மூன்று நான்கு பேர். காயத்தோடு வந்தவர்கள் மட்டும் இல்லை, தலைவலி, தூக்கமின்மை, வயிற்றெரிச்சல் என்று மூன்று மாதமாக ஓ.பி. சீட்டோடு அலைகிறவர்களும் சேர்த்து.

முதலில் தனியாக்குங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான், இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண், சில நேரம் ஆபத்தும் கூட. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். உதடு கிழிந்து வந்த ஒரு பெண்ணிடம், மாமியாரை வைத்துக்கொண்டே, "யாரும்மா அடிச்சது, உண்மையைச் சொல்லு" என்று கேட்டேன், ரொம்ப தைரியமாகக் கேட்டதாக நினைப்பு வேறு. அவள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். தையல் போட்டு அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்காமல் இருக்க எனக்குப் பல நாள் ஆனது.

தனியாக்க சண்டை போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் சாக்குக்கா பஞ்சம்? யூரின் டெஸ்ட் எடுக்கணும் என்று சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து நீங்களே பாத்ரூம் வரை கூட்டிப் போங்கள். எக்ஸ்ரே அறைக்குள் அட்டெண்டர் வரக் கூடாது என்று யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். ட்ரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், புடவையை விலக்க வேண்டும், ஆண்கள் வெளியே இருங்கள் என்றால் புருஷன் போய்விடுவார். மாமியார் போக மாட்டார். அவரை ஓ.பி. சீட்டு போடவோ, மாத்திரை வாங்கவோ அனுப்புங்கள், கவுன்ட்டரில் எப்படியும் கூட்டமாகத்தான் இருக்கும், அதற்காவது அந்தக் கூட்டம் உதவட்டும். கர்ப்பிணியாக இருந்தால் எடை பார்ப்பது, வயிறு பார்ப்பது என்று வழி இன்னும் சுலபம். கிராம சுகாதார செவிலியர்கள் வீட்டுக்கே போகிறவர்கள், அவர்கள் அந்த வீட்டில் எதையும் கேட்கக் கூடாது, துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மொழி தெரியாத பெண்ணாக இருந்தால், திருப்பூர் ஈரோடு பக்கம் வடமாநிலக் குடும்பங்கள் நிறைய, கணவரையோ குழந்தையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இந்தி தெரிந்த ஒரு ஸ்டாஃபைத் தேடிப் பிடியுங்கள், போனிலாவது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை மடியில் இருந்தால் அதையும் ஒரு ஆயாவிடம் கொடுத்து வெளியே அனுப்புங்கள், ஏனென்றால் வீட்டுக்குப் போனதும் "அம்மா அந்த அக்காகிட்ட அழுதாங்க" என்று அது வெள்ளந்தியாகச் சொல்லிவிடும்.

எப்படிக் கேட்பது

நான் கேட்பது இப்படி: "இங்க காயத்தோட வர்ற எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் நாங்க கேக்கறதுதான்மா. வீட்டுல யாராச்சும் அடிக்கறாங்களா? பயமா இருக்கா?" எல்லாரிடமும் கேட்கிறோம் என்பது முக்கியம், தன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்ற கூச்சம் அவளுக்கு அதில் கொஞ்சம் குறைகிறது. இல்லை என்றால் விட்டுவிடுங்கள், துருவ வேண்டாம். "சரிம்மா, பின்னாடி எப்பவாவது பேசணும்னு தோணினா இங்க வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அடித்ததாகச் சொன்னால் ஏ.ஆர். போடுவோம், போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் போகும், ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. போலீஸ் வந்தாலும் எனக்கு இப்போது புகார் வேண்டாம் என்று சொல்லலாம், சிகிச்சை அதனால் நிற்காது. இதை முன்கூட்டியே சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு போலீஸைக் கண்முன் நிறுத்தினால், அவள் நம்மிடம் மறுபடி வாயே திறக்க மாட்டாள். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணாக இருந்தால் கதை வேறு. கல்யாணம் ஆகியிருந்தாலும், கர்ப்பமாக வந்திருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், அதில் நமக்கும் டாக்டருக்கும் விருப்பம் என்று ஒன்று கிடையாது. அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அவள் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது நம் வேலையிலேயே கஷ்டமான வேலை. ஒரு கையில் பி.பி. கஃப், இன்னொரு காதில் அடுத்த கேஸ். ஆனாலும் இரண்டு நிமிடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நின்றுகொண்டு கேட்பதற்கும் உட்கார்ந்து கேட்பதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். "உங்க மேல தப்பு இல்லம்மா", "நீங்க சொன்னது நல்லது" — இரண்டே வாக்கியம் போதும். சொல்லக் கூடாதவைதான் நம்மிடம் நிறைய இருக்கின்றன: "இத்தனை வருஷமா ஏன் பொறுத்துக்கிட்டே", "குடிச்சா எல்லா ஆம்பளையும் அப்படித்தான்", "குழந்தைக்காகவாவது அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா". கடைசி வாக்கியத்தை வயதில் மூத்த சிஸ்டர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அதே மாதிரி "இன்னைக்கே அவனை விட்டுட்டு வந்துடு" என்பதும் தப்பு. பிரிந்து போகிற நேரமும், போய்க் கொஞ்ச நாளும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். எங்கே தங்குவாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும், அவன் எவ்வளவு தூரம் தேடி வருவான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

கழுத்தைப் பிடித்தானா என்று கேளுங்கள்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் நம் கேசுவாலிட்டிகளில் அடிக்கடி தவறிப் போகிறது. அவளாகச் சொல்ல மாட்டாள். ரத்தம் வந்த காயத்தைக் காட்டுவாள், கழுத்தை நெரித்ததைச் சொல்ல மறந்துவிடுவாள், அல்லது "லேசாப் பிடிச்சாரு" என்பாள். நாமாகக் கேட்க வேண்டும்: "கழுத்தைப் பிடிச்சாங்களா? மூச்சு முட்டுச்சா? கண்ணு இருட்டுச்சா? தெரியாம யூரின் போயிருச்சா?"

வெளியே தடமே இல்லாமல் இருக்கலாம், பாதிப் பேருக்குத் தோலில் எதுவும் தெரியாது. அதனால் மற்றதைப் பாருங்கள். ஒருமுறை காது வலி என்று வந்த பெண்ணுக்குக் குரல் கரகரத்தது, ஜலதோஷம் என்றாள் கூட வந்தவள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே கடுகைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள், காதுக்குப் பின்னாலும் அதே மாதிரி. தண்ணீர் கொடுத்தால் விழுங்கும்போது முகம் சுளித்தாள். தாடைக்குக் கீழே சின்னக் கீறல்கள், அது அவளுடைய நகமே, அவன் விரலைப் பிரிக்கப் பார்த்ததில் வந்தது.

இப்படி இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், வெறும் வலி மாத்திரையோடு அனுப்ப விடாதீர்கள். கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தால் சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ கூடப் பக்கவாதம் வரலாம், தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். கழுத்து ரத்தக் குழாய்களுக்கான சி.டி. ஆஞ்சியோ தேவையா என்பதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அப்சர்வேஷனில் வைத்து மூச்சு, குரல், விழுங்குவது, கைகால் பலம், நினைவு எல்லாவற்றையும் மணிக்கணக்கில் குறித்துக்கொண்டே வாருங்கள். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பும். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு ஒருமுறை கழுத்தை நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். அவளிடம் இதைப் பயமுறுத்தாமல், ஆனால் மழுப்பாமலும் சொல்லியாக வேண்டும்.

தீக்காயம், விஷம்

ஸ்டவ் வெடித்தது என்று வருகிற கேஸில் தலைமுடியில் மண்ணெண்ணெய் வாசனை வந்தால் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், "வாசனை வருகிறது" என்று மட்டும், யார் ஊற்றினார்கள் என்ற யூகம் வேண்டாம். பலமான தீக்காயத்தோடு வந்தவர் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார், அதைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வார் என்று ஏமாந்துவிடக் கூடாது. மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எடுக்கும்போது உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அவர் வருவதற்குள் அந்தப் பெண் உங்களிடம் ஏதாவது சொன்னால், டாக்டரை அழைத்துவிட்டு, அவள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் நேரத்தோடு எழுதி வையுங்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணை வரும், அந்தக் கேஸ் ஷீட்டை வரிவரியாகப் படிப்பார்கள்.

எலி பேஸ்ட், அரளி விதை, கொங்குப் பக்கம் சாணிப்பவுடர் என்கிற விஷச் சாயப்பொடி என்று சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களிடமும் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாக எழுந்து உட்கார்ந்திருப்பார், வீட்டார் கூட்டிப் போகத் துடிப்பார்கள். அதில் இருக்கிற மஞ்சள் பாஸ்பரஸ் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈரலைப் பிடிக்கும், அதனால் அனுப்பக் கூடாது. தற்கொலைக்கு முயன்றதற்காக ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று மிரட்டி வைத்திருப்பார்கள் சில வீட்டில். 2017 மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது என்று தைரியம் சொல்லுங்கள்.

எழுதுவது

இதில் நாம் சோம்பேறிகள், ஒப்புக்கொள்வோம். "முகத்தில் காயம்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். கோர்ட்டில் மூன்று வருடம் கழித்து அந்த இரண்டு வார்த்தையை வைத்து என்ன செய்வார்கள்? இடது கண்ணுக்குக் கீழே 3 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் கன்றிய காயம், வலது முன்கையின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு இணையான தடிப்பு — இப்படி எழுதுங்கள். சின்ன ஸ்கேல் ஒன்று பாக்கெட்டில் எப்போதும் இருக்கட்டும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கும்போது முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில்தான் அடி விழும், அதனால் அங்கே அவசியம் பாருங்கள், தலைமுடிக்குள்ளும், காதுக்குப் பின்னாலும், முதுகிலும். நிறத்தை வைத்து "இது நான்கு நாள் பழைய காயம்" என்று கணக்குச் சொல்லாதீர்கள், அது நம்பகமானது இல்லை. நிறம் என்னவோ அதை மட்டும் எழுதுங்கள்.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ஏ.ஆரில் வழக்கமாக "ஒரு தெரிந்த நபர் கையால் தாக்கியதாக" என்று மொட்டையாக ஒரு வரி போகும். கணவர் என்று அவள் சொன்னால் கணவர் என்றே எழுதும்படி டாக்டரிடம் சொல்லுங்கள், எப்போது, எங்கே, எதனால் அடித்தது என்பதும் வரட்டும். ரத்தம் பட்ட துணி இருந்தால் பாலிதீன் பையில் கட்டாதீர்கள், புழுங்கிக் கெட்டுவிடும். நிழலில் உலர்த்தி பேப்பர் கவரில் போட்டு சீல் வைக்க வேண்டும். உடையை வெட்ட வேண்டியிருந்தால் ஏற்கனவே கிழிந்த இடத்தின் வழியாக வெட்டக் கூடாது.

புருஷனே பலவந்தம் செய்தான் என்று சொன்னால், பதினெட்டுக்கு மேற்பட்ட மனைவி என்றால் நம் தண்டனைச் சட்டம் அதைப் பாலியல் வல்லுறவாக இன்னும் ஏற்கவில்லை, ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் சேர்த்தி. சட்டத்தில் எந்தப் பிரிவு என்பது வக்கீல் கவலை, சிகிச்சையில் ஒரு குறையும் வைக்காதீர்கள்: 72 மணி நேரத்துக்குள் கருத்தடை அவசர மாத்திரை, தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 28 நாளைக்கு, டெட்டனஸுக்கு டி.டி. ஊசி. அப்புறம், யாராவது இன்னமும் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற இரண்டு விரல் பரிசோதனை என்று கிளம்பினால் உச்ச நீதிமன்றம் 2022-இலும் அது கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்னதை நினைவுபடுத்துங்கள்.

அதே 2005 சட்டத்தின் விதிகளில் நமக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, நிறைய ஆஸ்பத்திரிகளில் அதை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. முதலில் புகார் கொடுத்துவிட்டு வா என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்க முடியாது. வீட்டில் நடந்த வன்முறையைப் பதிவு செய்கிற குடும்ப நிகழ்வு அறிக்கை அதுவரை யாரும் பதிவு செய்யவில்லை என்றால், ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரே அதற்கான படிவம் 1-ஐ நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்குக் காசில்லாமல் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பிடிக்கலாம். நம்பரை வாங்கி டூட்டி ரூம் சுவரில் ஒட்டுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

பெரும்பாலானவர்கள் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். அதனால் நம் கடைசி ஐந்து நிமிடம் அந்த வீட்டை மனதில் வைத்து இருக்க வேண்டும். மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா, முன்பைவிட அடி அதிகமாகிக்கொண்டு வருகிறதா, கொன்றுவிடுவேன் என்று சொன்னானா. ஆமாம் என்று பதில் வந்தால் டாக்டரிடம் பேசி அன்றைக்கு ராத்திரியாவது அட்மிஷன் போட்டு வைக்கப் பாருங்கள். இல்லையென்றால் மாவட்டத்தில் இருக்கிற சகி ஒருங்கிணைந்த சேவை மையம், அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம், வக்கீல், கவுன்சிலிங், போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில். பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்தாலே வழி சொல்வார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. வயதான அம்மாவை மகன் அடிக்கிற கேஸும் வரும், அதற்கு 14567.

நம்பரைச் சீட்டில் எழுதிக் கையில் திணிக்காதீர்கள். மூன்று இலக்கம்தானே, மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நம் போனிலிருந்தே பேச வையுங்கள், அவள் போனில் அழைத்தால் கால் லிஸ்ட்டில் நிற்கும். அவளிடம் நம்பர் வாங்கும்போது "இந்த நம்பரை யார் எடுப்பாங்க, எத்தனை மணிக்குக் கூப்பிட்டா நீங்க பேசலாம்" என்று கேட்டுக் குறியுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு அவளுடைய பையில் அவளோடு போகும், புருஷன் படிப்பான், அதில் காயமும் மருந்தும் மட்டும் இருந்தால் போதும், அவள் சொன்ன கதை கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். அந்தக் கேஸ் ஷீட்டையும் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடாதீர்கள். ஏ.ஆர். நகலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றால் அம்மா வீட்டில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பின்னால் வந்து வாங்கலாம்.

அப்புறம் சண்டை ஆரம்பிக்கும்போது சமையலறைக்குள் போகாதே, அங்கே கத்தியும் அடுப்பும் இருக்கிறது, வாசல் பக்கமாக இரு என்று சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் இவற்றின் நகலை நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு அடையாளம் பேசி வைத்துக்கொள்ளலாம், எங்கள் வார்டில் ஒரு பெண் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை: பகலிலேயே வாசல் லைட்டைப் போட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தமாம்.

வார்டில் இருக்கும்போது குடித்துவிட்டு வந்து புருஷன் கலாட்டா செய்தால் நீங்கள் நடுவில் போய் நிற்க வேண்டாம். எந்தக் கட்டில் என்று சொல்லாமல் செக்யூரிட்டியையும் அவுட்போஸ்ட்டையும் கூப்பிடுங்கள். டூட்டி மாறும்போது இதை அடுத்த சிஸ்டரிடம் காதோடு சொல்லுங்கள், அட்டெண்டர்கள் நிறைந்த வார்டின் நடுவில் நின்று சத்தமாக ஹேண்ட் ஓவர் கொடுக்காதீர்கள்.

அவள் திரும்பத் திரும்ப வருவாள். மூன்றாவது தடவை வரும்போது நமக்கே எரிச்சல் வரும், சொன்னால் கேட்கிறாளா பார் என்று. ஒரு பெண்ணை நான்கு வருடத்தில் ஐந்து தடவை பார்த்திருக்கிறேன், ஐந்தாவது தடவை காயம் எதுவும் இல்லை, பழைய ஏ.ஆர். நகல்களைக் கேட்டு வந்திருந்தாள், வக்கீல் வாங்கி வரச் சொன்னாராம். இரண்டு தடவை எழுதியதில் அளவு சரியாக இருந்தது, மற்ற இரண்டில் "முகத்தில் காயம்" என்றுதான் இருந்தது. அதில் ஒன்று என் கையெழுத்து.

மேலே சொன்ன 38 சதவீதக் கணக்கில் வெள்ளை உடை போட்டவர்களுக்கு விலக்கு ஏதும் கிடையாது. டூட்டி ரூமில் யாராவது வெயில் நாளில் முழுக்கை ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, தொண்டை கட்டிடுச்சுக்கா என்று கரகரத்த குரலில் சொன்னால், டீ குடிக்கலாம் வா என்று தனியாகக் கூட்டிப் போய் அவளிடமும் கேளுங்கள்.